‘போய் இறங்கினால் போதும்’ என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு வாழ்க்கை பற்றிய தங்கள் பக்கத்தில் நார்வேயைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. எழுத்தில்தான் ஒரு வரி தொண்டையில் நின்றுவிட்டது: “மொழி தெரியாதே என்ற கவலை வேண்டாம், குடியேறுபவர்களுக்கு அரசே நார்வேஜிய மொழியை இலவசமாகக் கற்றுத் தருகிறது, போய் இறங்கினால் போதும்.”

நானும் போய் இறங்கியவள்தான். ஸ்டவாங்கர் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள விமான நிலையத்தில் மழையில் இறங்கினேன். பாடப் புத்தகத்தோடு யாரும் காத்திருக்கவில்லை.

இலவச வகுப்பு உண்டு, மறுக்கவில்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி. அகதிகளாக வந்தவர்களுக்கும் அவர்களை நம்பி வந்த குடும்பத்தாருக்கும் உண்டு. நார்வே குடிமக்களை மணந்து வருபவர்களுக்கும் உண்டு. நம் ஊரில் இருந்து வேலை அனுமதியில் வரும் பொறியாளருக்கும், அவர் பின்னாலேயே குடும்ப அனுமதியில் வரும் மனைவிக்கும் கிடையாது. குடியேறுபவர்களின் மொழிப் பயிற்சியை வரையறுக்கும் புதிய ஒருங்கிணைப்புச் சட்டம் 2021 ஜனவரியில் வந்தது; அதற்கு முன்பும் இதே கதைதான். வேடிக்கை என்னவென்றால், எங்களுக்குப் படிக்கும் கடமை உண்டு, இலவசமாகப் படிக்கும் உரிமைதான் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த போலந்தில் இருந்தோ லிதுவேனியாவில் இருந்தோ வருபவருக்குக் கடமையும் இல்லை, உரிமையும் இல்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் அந்த வரி எப்படி அச்சுக்குப் போனது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். வகுப்பில் பெயர் கொடுக்கப் போன அன்று எனக்கு முன்னால் வரிசையில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், கணவர் இங்கே சிறுவயதில் இருந்தே வளர்ந்த நார்வே குடிமகன். இருவரும் ஒரே படிவத்தைத்தான் நிரப்பினோம். அவளுக்கு வகுப்பு தொடங்கும் தேதியைக் குறித்துக் கொடுத்தார்கள். எனக்குக் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வரும் என்றார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண் பாவம், தான் ஏதோ தப்பு செய்ததைப் போல, “அக்கா, உங்களிட்ட மட்டும் ஏன் காசு கேக்கினம்? என்னட்ட ஒண்டும் கேக்கேல்லையே” என்றாள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? அவளுக்குக் கிடைத்தது நியாயம்தான். கோபமெல்லாம் இரண்டு பேரையும் ‘குடியேறுபவர்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டிப்போட்ட தங்கள் கட்டுரையாளர் மேல்தான்.

கட்டணம் ஒரு நிலைக்கே சில ஆயிரம் குரோனர். ஏ1 முடித்தால் ஏ2, அப்புறம் பி1, அதற்கு மேல் பி2. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். சரி, காசைக் கட்டிவிடலாம் என்றாலும் வகுப்பு கிடைக்க வேண்டுமே. புதிய வகுப்புகள் பெரும்பாலும் ஆகஸ்டிலும் ஜனவரியிலும்தான் தொடங்குகின்றன. ஜூலை மாதத்தில் நாடே விடுமுறையில் போய்விடுகிறது, மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில்தான் வரும். குழந்தை பகலில் பார்னஹாகெவில், அதாவது மழலையர் பள்ளியில், இருக்கும் நேரத்துக்கு எனக்கு வகுப்பு வேண்டும். ஆரம்ப நிலைக்கு மாலை வகுப்புதான் இருந்தது. கணவர் வீடு திரும்பும் நேரத்துக்கும் அந்த வகுப்புக்கும் ஒருநாளும் பொருந்தவில்லை.

‘ஆங்கிலம் போதும், எல்லாரும் பேசுவார்கள்’ என்று அதே கட்டுரையில் இன்னொரு பொன்மொழி. கடையில் போதும், பேருந்தில் போதும். குழந்தையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் எனக்காக எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். பிறகு யாரோ ஒருவர் ஒரு நகைச்சுவை சொன்னார், சிரித்தார்கள், அதோடு ஆங்கிலம் போய்விட்டது. மீதி நேரம் முழுக்க நானும் சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது பின்னால்தான் தெரிந்தது: வசந்தத்தில் பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்யும் நாளுக்குக் கேக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வேலை தேடும் கதை இதைவிட மோசம். வேதியியலில் முதுகலைப் பட்டம் வைத்திருக்கிறேன், ஆனால் விளம்பரத்தின் கடைசி வரியில் ‘நார்வேஜிய மொழியில் எழுதவும் பேசவும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று இருக்கும். அந்த வரி வரைக்கும் எனக்குத் தகுதி இருக்கும்.

வகுப்பில் படிப்பது ஒன்று, தெருவில் கேட்பது இன்னொன்று என்பதையும் கட்டுரையாளர் தொடவில்லை. எழுத்துமொழியே பூக்மோல், நீநொர்ஷ்க் என்று இரண்டு. பேச்சு ஊருக்கு ஊர் மாறும், அதைப் பற்றி யாரும் வெட்கப்படுவதில்லை, வானொலியில்கூட அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார்கள். வகுப்பில் ஓஸ்லோ பக்கத்து உச்சரிப்பில் பாடம் நடக்கும். வெளியே வந்தால் ஸ்டவாங்கர்காரர்கள் ரகரத்தைத் தொண்டைக்குள் போட்டு உருட்டுகிறார்கள். நிரந்தரக் குடியிருப்புக்கே வாய்மொழித் தேர்வு உண்டு. குடியுரிமைக்கு 2022 அக்டோபரில் இருந்து அது பி1 நிலைக்கு உயர்ந்துவிட்டது. அந்தத் தேர்வில் இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்து ஒருவரோடொருவர் பேசச் சொல்வார்கள். எனக்கு வாய்த்த ஜோடி ஒரு சாதுவான மனிதர். நான் என்ன கேட்டாலும் ‘யா, யா’ என்றதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பேருக்குமாக நானே பேசினேன்.

இது முதல் முறை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சென்ற ஆண்டு ‘நார்வேயில் கல்லூரிப் படிப்பு இலவசம்’ என்று இதே பக்கத்தில் வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே முதலான சில நாடுகளும் சேர்ந்தது) வெளியே இருந்து புதிதாக வரும் மாணவர்களுக்கு 2023 இலையுதிர்காலப் பருவத்தில் இருந்தே அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கல்லூரிக் கட்டுரையை நம்பி என் அத்தை மகன் இரண்டு மாதம் விண்ணப்பத்தோடு அலைந்தான். ‘இலவசம்’ என்ற சொல்லைக் கண்டால் தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பேனா நிற்காது போலும்.

அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த விளம்பரத்தையும் பார்த்தேன். செவிலியர்களுக்கு ஐரோப்பாவில் வேலை, மொழி அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்கிறது. நார்வேயில் செவிலியராக அங்கீகாரம் வாங்க, நம் ஊரில் படித்தவர் பி2 நிலை மொழித் தேர்வில் தேற வேண்டும், அந்நாட்டுச் சுகாதார அமைப்பு பற்றிய பாடமும் மருந்து கையாளும் பாடமும் முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் சீருடை. வரும் முன்பே படிக்கலாம் என்றால் எங்கே போவது? ஜெர்மன் படிக்கச் சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, பிரெஞ்சுக்கு அல்லயன்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. நார்வேஜிய மொழிக்கு அப்படி ஒரு வாசல் நான் தேடியவரை கிடைக்கவில்லை. தங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருந்தால் முகவரியைப் போட்டிருக்கலாமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நார்வேயில் தமிழர்கள்’ என்று பெட்டிச்செய்தி போட்டு, மென்பொருள் துறையினர் மூன்று பேரின் படத்தோடு முடித்துவிட்டீர்கள். இங்கே தமிழர் கதை 1956இல் வந்த அந்தோனி ராஜேந்திரத்தில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்து ‘சீநோர்’ மீன்பிடித் திட்டம் அவர் முயற்சியில் உருவானது. எழுபது, எண்பதுகளில் இலங்கையில் இருந்து மாணவர்களாக வந்தவர்கள் பலர், அப்புறம் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். அந்தத் தலைமுறையில் ஒரு அம்மாவை எனக்குப் பழக்கம். மீன் வெட்டும் மேசையில், பக்கத்தில் நின்ற நார்வேஜியப் பெண்களிடம் கேட்டுக் கேட்டே மொழி படித்தவர், இன்றும் வடக்கத்திப் பேச்சுத்தான் பேசுவார். ஓஸ்லோவின் துணை மேயராக 2015இல் வந்து, 2021இல் நாடாளுமன்றத்துக்கும் போன கம்ஷாயினி குணரத்தினத்துக்குக்கூட அந்தப் பெட்டியில் இடமில்லை. இடப் பற்றாக்குறை என்பீர்கள். வடதுருவ ஒளிக்கு முழுப்பக்கம் கிடைத்ததே.

குறை மட்டுமே சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். காசில்லாமல் கற்க வழிகள் இருக்கின்றன, கட்டுரை சொன்ன வழி மட்டும் இல்லை. ட்ரொண்ட்ஹைமில் உள்ள என்.டி.என்.யூ. பல்கலைக்கழகத்தின் இணையப் பாடம் இலவசம், நம் ஊரில் இருக்கும்போதே தொடங்கலாம். லெக்சின் என்ற இணைய அகராதியில் நார்வேஜியச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் கிடைக்கும். நூலகங்களில் மொழிக் கஃபே நடக்கிறது, எங்கள் ஊரில் சோல்வ்பெர்கெட் பண்பாட்டு மையத்தில் ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள் காபியோடு உட்கார்ந்து நம் இலக்கணத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வாய் திறந்தது அங்கேதான். இவற்றில் ஒன்றைப் பற்றியாவது கட்டுரையில் ஒரு வரி உண்டா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள்: இலவச வகுப்பு எல்லாருக்கும் இல்லை, கையில் உள்ள அனுமதியின் வகையைப் பொறுத்தது, புறப்படும் முன் குடியேற்ற இயக்ககமான யூ.டி.ஐ.யின் இணையதளத்திலும் போகும் ஊரின் நகராட்சியிலும் விசாரித்துக்கொள்ளவும். அவ்வளவுதான். அதற்கும் இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தையாவது முழுதாகப் போடுங்கள். சென்ற முறை கல்லூரிக் கட்டணம் பற்றி நான் எழுதியதை வெட்டிவிட்டு, ‘படங்கள் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் வாசகர் பாராட்டு என்று வெளியிட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஸ்டவாங்கர், நார்வே.