செயலாளர் ஆண்டறிக்கை: வீட்டுப் பார்வைப் பணியாளர் சங்கம், வடசென்னை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத் தோழர்களே, வணக்கம்.

மழை கொட்டிய மாதம் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சந்தா பாக்கி வழக்கம்போல் பாக்கியாகவே இருக்கிறது. அதைப் பொருளாளர் சொல்வார். குடியும் போதையும் புகுந்த வீடுகளில் நாம் எப்படி நடந்துகொள்வது என்று ஆண்டு முழுக்கப் பேசலாம் என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதுதான்.

நாம் யாரும் குடியை விசாரிக்க வீடு ஏறுவதில்லை. 2021 ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதிலிருந்து நம்மில் பலர் பிரஷர், சுகர் பார்க்கப் போகிறோம். மற்றவர்கள் பிள்ளை பெற்ற வீட்டுக்கும், புண்ணுக்குக் கட்டுப் போடவும் போகிறார்கள். "அவரு வேலைக்குப் போயிருக்காரு" என்பார் கணவர் குடிக்கும் வீட்டு அக்கா. திரைக்குப் பின்னால் அந்தக் கணவர் படுத்திருப்பது நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். வியாசர்பாடியில் ஒற்றை அறையில் நடப்பது அண்ணா நகரில் சாத்திய கதவுக்குள் நடக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே அவரைப் பற்றி முதலில் கேட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "பிரஷர் ஏறியிருக்கே அக்கா, ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டால் மூன்றாவது தடவையிலாவது பதில் வருகிறது. அவரைத் திருத்துவது நம் வேலையும் அல்ல, அந்த அக்காவின் பொறுப்பும் அல்ல. இதைச் சொன்னதுமே பாதிப் பேர் அழுதுவிடுகிறார்கள் என்று உறுப்பினர்கள் சொன்னார்கள்.

மனநல செவிலியர் ஒருவர் நடத்திய பயிற்சியில் இரண்டு ஆபத்துகளைச் சொன்னார். முதலாவது, கார்த்திகையில் மாலை போடுவது. தினமும் நிறையக் குடிப்பவர் சாமிக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிடுவார். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் இல்லாததைப் பார்ப்பதும், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவதும் தொடங்கலாம். வீட்டார் சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசிக்கொண்டிருப்பார்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை, 108-ஐ அழைக்க வேண்டும். மாலையை யாரும் குறை சொல்ல வேண்டாம். போடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

இரண்டாவது, குடியை நிறுத்த வீட்டார் அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் மாத்திரை. குடியை விடுவதற்கான டைசல்ஃபிராம் மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் அன்று மாலையே அவர் குவாட்டர் போடுவார், அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேர் தெரியாத பொடிகளும் இதில் சேர்த்தி.

ஒரு வருத்தமும் பதிவாக வேண்டும். ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தின் வேன் வந்து, தூங்கிக்கொண்டிருந்தவரைக் கையைக் கட்டி ஏற்றிப் போனது. பணத்தையும் முன்னதாகவே வாங்கிவிட்டார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மது, போதை சார்ந்த மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். அதனால் இப்படிப்பட்ட மையங்களும் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்க வீட்டாருக்கு முழு உரிமை உண்டு. முதலில் அரசு மருத்துவமனைக்கோ, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ வழி காட்டுங்கள்.

நம் பாதுகாப்பு பற்றி: டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது, நாம் அதற்குள் முடித்துவிடுவது நல்லது. இருவராகப் போங்கள். வாசல் பக்கம் உட்காருங்கள். கழற்றும்போதே செருப்பை வெளிப்பக்கம் பார்த்து விடச் சொன்னார் ஒரு மூத்த உறுப்பினர், சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது அப்படித்தான் விடுகிறார்கள். பதிவேட்டில் "குடிகாரர் வீடு" என்று எழுதக் கூடாது. அந்த நோட்டு தெருவெல்லாம் நம் கையில் விரிந்தே வருகிறது.

பையில் வைக்கும் அட்டையில் நான்கு எண்கள் அச்சாகின்றன: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநலத்துக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. அடி விழும் வீட்டில் அட்டையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், அவர் கண்ணில் பட்டால் அதுவே வினை. எண்ணை மட்டும் மனப்பாடமாகச் சொல்லுங்கள்.

குடிப்பவரின் குடும்பத்தாருக்கான ஆல்-அனான் கூட்டங்களைப் பற்றியும் வீடுகளில் சொல்ல வேண்டும். கணவர் குடியை விடாவிட்டாலும் மனைவி தனியாகப் போகலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதில் நாம் இன்னும் பெரிதாக எதுவும் தொடங்கவில்லை, வரும் ஆண்டின் முதல் பயிற்சி அதுவாகவே இருக்கட்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்