37 டிகிரியோடு முடிந்துவிடுகிறவரா வுண்டர்லிச்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த காய்ச்சல் பற்றிய கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் அதில் கார்ல் வுண்டர்லிச்சை இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். உடல்சூடு 37 டிகிரி செல்சியஸ் என்று சொன்ன ஜெர்மன் டாக்டர், அந்தக் கணக்கும் சரியில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பல வருடம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை.

வுண்டர்லிச் 1815இல் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள சுல்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். டூபிங்கனில் மருத்துவம் படித்து, பாரிஸ், வியன்னா ஆஸ்பத்திரிகளையும் போய்ப் பார்த்து வந்தார். 1842இல் நண்பர் ரோசருடன் சேர்ந்து ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கி, நோயாளியைப் பார்ப்பதைவிடத் தத்துவம் பேசுவதில் நேரம் போக்கிய பெரியவர்களை ஒரு கை பார்த்தார். 1850இல் லைப்சிக் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. 1877இல் இறக்கும்வரை அங்கேதான்.

தெர்மாமீட்டரை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு இருநூறு வருடம் முன்பே வந்துவிட்டது. லைப்சிக்கில் அவர் செய்தது வேறு. தன் வார்டில் படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், தினமும் இரண்டு வேளையாவது, தேவைப்பட்டால் இன்னும் அதிகமாக, சூடு பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னார். அப்போதைய தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஓர் அடி நீளம். அக்குளில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். காய்ச்சலில் புரளும் நோயாளியை அத்தனை நேரம் கையை மடக்கி வைத்திருக்கச் செய்வது என்ன பாடு என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். இப்படிச் சுமார் 25,000 பேரிடம் எடுத்த அளவுகளை வைத்து 1868இல் புத்தகம் எழுதினார். ஆல்பட் என்ற ஆங்கிலேய டாக்டர் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடிய சின்ன தெர்மாமீட்டரைக் கொண்டுவந்ததும் அதே காலத்தில்தான்.

அந்தப் புத்தகத்தின் சாரம் 37 என்ற எண் அல்ல. காய்ச்சல் தனி நோய் இல்லை, நோயின் அறிகுறி. ஒவ்வொரு நோய்க்கும் சூடு ஏறி இறங்குவதில் ஒரு போக்கு உண்டு என்பதுதான். டைபாய்டில் மாலை ஏறும், காலையில் கொஞ்சம் இறங்கும், மறுநாள் மாலை முந்தின மாலையைவிட மேலே போகும். நிமோனியாவில் நாள்கணக்கில் உச்சியில் நின்றுவிட்டு ஒரே இரவில் சரியும். மலேரியா போன்ற முறைக்காய்ச்சல் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். கட்டில் காலடியில் தொங்கும் சார்ட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து வைப்போம். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன்பே அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்.

ஒற்றை எண்ணை அவர் சட்டமாகச் சொன்னதாகக் கட்டுரையாளர் நினைப்பதும் பொருந்தாது. காலையில் குறைவு, மாலையில் கூடுதல், பெண்களுக்குச் சற்று அதிகம், வயதானவர்களுக்குக் குறைவு என்றெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். 1992இல் அமெரிக்காவில் 148 பேரிடம் பார்த்துச் சராசரி 36.8 என்றார்கள். அவருடைய தெர்மாமீட்டர் ஒன்றைச் சோதித்தபோது ஒரு டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டியதும் உண்மைதான். இருக்கட்டுமே. ஒரே தெர்மாமீட்டர் எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டினால் கோடு முழுக்க மேலே நகருமே தவிர, அதன் ஏற்ற இறக்கம் மாறாதே!

கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் எத்தனை டிகிரி தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும் என்று மட்டும் இருந்தது. காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரத்தில் சூடு பார்த்து, மாத்திரை கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் எழுதி, அந்தத் தாளை டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி அடுத்த இதழில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி