ஒட்டகம் வந்து போன இரவு

திருப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முட்டிவலி குறைந்தது நிம்மதி. பள்ளி அலுவலகப் பொறுப்பு உன் தலையில் விழுந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். விடுதியில் பெட்டிச் சாவியை மாதம் இரண்டு முறை தொலைத்தவள் நீ. ஆடிட்டரின் ஆள், பள்ளிக் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் கூகுள் டிரைவில் உள்ள மொத்த ஃபோல்டரையும் திறந்துவிடச் சொல்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. காரணம் சொல்ல வேண்டுமானால் என் மானம் போன கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பனியன் கம்பெனியின் காஸ்டிங் ஷீட்டுகள் எல்லாம் கூகுள் டிரைவில்தான் இருக்கின்றன. ஒரு டீ-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், சாயம், தையல் கூலி, லேபிள், அட்டைப்பெட்டி, கடைசி வரியில் எங்கள் லாபம். அந்த வரி சரக்கு வாங்கும் பையர் கண்ணில் பட்டால் பேரம் அத்தோடு முடிந்தது. போன மாதம் ஒரு நாள், இரவு எட்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரையின் மேல் மூலையில், சின்ன வட்டத்துக்குள் ஓர் ஒட்டகம் முளைத்தது. லிங்க்கை மட்டும் வைத்துக்கொண்டு அடையாளம் தெரியாமல் யாராவது உள்ளே வந்தால், கூகுள் அவருக்கு ஏதாவது ஒரு விலங்கின் பெயரைச் சூட்டிவிடும். ஒட்டகம் இரண்டு நிமிடம் இருந்தது, போய்விட்டது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. கூடாரத்தில் தலைவைக்க மட்டும் இடம் கேட்ட ஒட்டகத்தின் கதை நமக்குத் தெரியும். இது கேட்கக்கூட இல்லை.

யார் என்று இன்றுவரை தெரியாது. கதவைத் திறந்துவைத்தது யார் என்று மட்டும் தெரிந்தது: நான்தான். எட்டு மாதத்துக்கு முன் லேபிள் போடுபவருக்கு அவசரமாக அளவு காட்ட, 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்றிவிட்டு மறந்திருக்கிறேன். அவர் அதை வாட்ஸ்அப்பில் யாருக்கு அனுப்பினாரோ, அவர்கள் யாருக்கு அனுப்பினார்களோ. 2018 ஜூலையில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில், இப்படித் திறந்து கிடந்த கூகுள் ஆவணங்கள் தேடல் முடிவுகளாகவே வந்து நின்றன. கடவுச்சொல் எழுதிவைத்த கோப்புகள்கூட அவற்றில் இருந்தன.

மறுநாள் பகிர்வுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இருபத்து மூன்று பேர்! ஆர்டர்களைக் கவனித்துவிட்டு வேலையை விட்டுப்போன மெர்ச்சண்டைசர்கள் இரண்டு பேர், சொந்த ஜிமெயிலோடு அப்படியே இருந்தார்கள். அலுவலக மெயிலை மூடியதோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தோம். இன்னொன்று: திருத்தும் உரிமை உள்ளவர், நாம் அமைப்பில் போய்த் தடுக்காதவரை, தானே இன்னொருவரையும் சேர்த்துவிடலாம். பட்டியலில் பாதிப் பேர் வந்த வழி அதுதான்.

நீக்கும் வேலை பத்து நிமிடம். அதைச் சொல்லத்தான் பாடு. முதலாளியின் மைத்துனர், "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று போனிலேயே கேட்டார். நம் ஊரில் கதவைச் சாத்துவது அவமரியாதையாகத்தான் படுகிறது. நான் முதலாளியைச் சாக்கு வைத்துத் தப்பித்தேன். நீயும் தாளாளரைச் சாக்கு வை.

ஆடிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபோல்டரைக் கொடுத்தால் அதில் உள்ள எல்லாமும் அவருக்குத் தெரியும். நாளை புதிதாகப் போடுவதும் தெரியும். பிள்ளைகளின் ஆதார் நகல் அதில்தானே இருக்கிறது? 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத்தை விற்றாலும் தேறாது. கணக்குக் கோப்புகளை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு, அவர் மெயிலைக் குறிப்பிட்டு, பார்க்கும் உரிமை மட்டும் கொடு. பள்ளியின் கூகுள் கணக்கு காசு கட்டி வாங்கியதாக இருந்தால் முடிவு தேதியும் வைக்கலாம். தேதி வந்ததும் தானே மூடிக்கொள்ளும். அவர் டவுன்லோடு செய்துகொண்டது மட்டும் திரும்பி வராது. அதனால் கொடுப்பதற்கு முன்பே எது போகலாம் என்று பார்த்துவிடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் விடுதிப் படங்கள் போட்ட ஃபோல்டர் உன் கணக்கில்தான் இருக்கிறது. நேற்று அந்தப் பழைய லிங்க்கை என் மகன் போனில் போட்டுப் பார்த்தேன், எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்துகொண்டது. நான் மாவு ஆட்டும் அந்தப் படமும் அதில் இருக்கிறது. முதலில் அதைப் பூட்டு, ஆடிட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி