சுண்டைக்காய் ஆகும் கவலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும் விபத்துச் செய்தி வந்த அன்று, காலையில் பூதமாய் நின்ற கடன் தவணையும் மேலதிகாரியின் முறைப்பும் மாலைக்குள் சுண்டைக்காய் ஆகிவிடும். மனம் எதையும் தனியாக எடைபோடுவதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே பார்க்கிறது. செய்தி மங்கியதும் கவலை பழைய எடைக்கே திரும்பிவிடும்.

அந்த இடைவெளி குறுகியது. அன்றிரவே கவலைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'ஓராண்டு கழித்தும் இது இருக்குமா?' என்று குறியுங்கள். இல்லையென்றால் அடித்துவிடலாம். இருக்குமென்றால் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை, நாளோடு எழுதுங்கள். தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்!

காரியம் கெடுவது செய்தியையே பார்த்துக்கொண்டிருப்பதால். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், நாளுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அச்செய்திகளில் மூழ்கியவர்களிடம், நேரில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் காணப்பட்டது. காலையும் மாலையும் கால் மணி நேரம் போதும்.

இன்னொன்று, வருந்துபவரிடம் "அவங்களைப் பாரு, உனக்கென்ன குறை?" என்பது. ஒப்பீடு தானாக வந்தால் ஆறுதல். பிறர் திணித்தால் குற்ற உணர்வுதான் மிஞ்சும், அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர் ஒருவர்