கடலைப் பார்த்து எரியும் விளக்குகள்: கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவளத்திலிருந்து மரக்காணம் வரை கடலோரத்தில் ரிசார்ட்டும் பீச் ஹவுஸும் நடத்திவரும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் விடுதிகளில் ஏதாவது ஒன்றில் இரண்டொரு நாள் தங்கிவிட்டுத் திரும்பும் வழக்கமுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் செலவில்லாதது. கரையேறி முட்டையிடும் கடலாமைகளுக்காகவும் அவற்றின் குஞ்சுகளுக்காகவும், தை பிறந்ததிலிருந்து சித்திரை முடியும் வரை, கடலைப் பார்த்து எரியும் உங்கள் விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனிக் கடைசியில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். எந்த விடுதி என்பது இங்கே தேவையில்லை. விடியற்காலை ஐந்து மணி வாக்கில் கடற்கரைக்குப் போனபோது, மணலில் யாரோ சிறு சீப்பொன்றை இழுத்துச் சென்றாற்போல் நிறையத் தடங்கள் தெரிந்தன. அடப்பங்கொடி படர்ந்திருந்த மேட்டில் கையகலக் குழியிலிருந்து புறப்பட்ட அத்தடங்களில் இரண்டு மூன்றுதான் கடலை நோக்கிப் போயிருந்தன. மற்றவை எல்லாம் திரும்பி, விடுதியின் சுற்றுச்சுவர்க் கதவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த வெள்ளை ஃபோக்கஸ் விளக்கை நோக்கி ஏறி, சுவரடியில் முடிந்திருந்தன. அங்கே உள்ளங்கையில் அடங்கும் கரும்பழுப்பு ஆமைக்குஞ்சுகள் முப்பத்தொன்று கிடந்தன. பதினொன்றுக்குத்தான் உயிர் இருந்தது. சிலவற்றின் கண்களை நண்டுகள் தின்றிருந்தன. காவலாளி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்தார். உயிருள்ளவற்றை எடுத்துப்போய் ஈர மணலில் விட்டோம். காக்கைகள் அதற்குள் கூடிவிட்டதால், அலை வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போகும் வரை பக்கத்திலேயே நின்றோம். "லைட்ட அணைச்சா மேனேஜர் திட்டுவாருங்க, கெஸ்ட் கேப்பாங்கன்னு சொல்வாரு" என்றார் காவலாளி. அந்த கெஸ்ட் நான்தான். நான் கேட்கவே இல்லை.

பங்குனி ஆமை எனப்படும் இந்தக் கடலாமையைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கரை ஒரு நிலைக்கு வந்தபின், பெண் ஆமைகள் இரவில் மணலேறி, அலை எட்டாத மேட்டில் பின்துடுப்புகளால் குழி பறித்து, நூறு முட்டைகளுக்குக் குறையாமல் இட்டு, மூடிவிட்டுத் திரும்புகின்றன. இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கரை வெளிச்சமாக இருந்தால் பல ஆமைகள் பாதி வழியிலேயே திரும்பிவிடும். ஏழெட்டு வாரங்களில், மணல் குளிர்ந்த ஓர் இரவில், குஞ்சுகள் ஒன்றாக மேலேறி வருகின்றன. தாய் அங்கே இருக்காது, வழிகாட்ட எதுவுமில்லை. இருண்ட கரைக்கு எதிரே, நட்சத்திர ஒளியையும் நிலவொளியையும் வாங்கித் திருப்பித் தரும் கடலின் விளிம்புதான் அவற்றுக்குப் புலப்படும் வெளிச்சம்; அதை நோக்கி ஓடுவதே அவற்றுக்குத் தெரிந்த ஒரே காரியம். ஆயிரம் வாட்ஸ் விளக்கைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டால், அந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

சென்னைக்குள் இந்தக் கணக்கு எப்போதோ தப்பிவிட்டது. நகரத்துக் கடற்கரையில் 1970களின் தொடக்கத்திலிருந்தே ஆர்வலர்கள் இரவில் நடந்து ஆமைக்கூடுகளைத் தேடியிருக்கிறார்கள். 1988 முதல் மாணவர்கள் அந்தப் பணியை ஏற்று, தேர்வுக் காலத்திலும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துவந்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகள் பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். நாயும் மனித நடமாட்டமும் ஒரு காரணம் என்றால், விளக்குகள் இன்னொரு காரணம். உங்கள் கரையின் நிலை இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. கல்பாக்கத்துக்குத் தெற்கே உள்ள கடலூர் கிராமம், பரமன்கேணி, கடப்பாக்கம், ஆலம்பரைக் கோட்டை இடிபாடுகளின் அக்கம்பக்கம் என்று ஆள் நடமாட்டமே இல்லாத நீண்ட மணற்பரப்புகள் மிச்சமிருக்கின்றன. இரவு முழுக்க ஒவ்வொரு கூட்டையும் தேடிப்போக அங்கே ஆள் கிடையாது. எனவே முட்டைகள் இட்ட இடத்திலேயே இருந்து பொரிக்க வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும்.

உங்கள் விளம்பரங்களையே எடுத்துக்கொள்வோம். கூட்டம் வேண்டாம் என்பவர்கள்தான் உங்களிடம் வருகிறார்கள். தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கோவளம் கடற்கரையில் ஞாயிறு மாலை நிற்க இடம் கிடைப்பது அரிது. மாமல்லபுரம் எப்போதும் திருவிழா. ஆகவே அமைதி தேடுபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போகிறோம், எங்களுக்கு முன்பே நீங்கள் அங்கே இடம் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். விளம்பரப் படத்தில் வானம் நிறைய நட்சத்திரம். வந்து பார்த்தால் நீச்சல் குளத்தைச் சுற்றி நீல விளக்கு, தென்னைக்குத் தென்னை சீரியல் பல்பு, மணலைப் பார்த்து ஸ்டேடிய வெளிச்சம். மெரினாவிலேயே உட்கார்ந்திருக்கலாமே என்று என் மனைவி ஒருமுறை சொன்னது நியாயம்தான்.

நான் கேட்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். கடலைப் பார்த்த ஃபோக்கஸ் விளக்குகளை ஜனவரி தொடங்கி மே நடு வரை பொழுது சாய்ந்ததும் அணைத்துவிடுங்கள். நடைபாதைக்குக் கட்டாயம் வெளிச்சம் வேண்டுமென்றால், முழங்காலுக்குக் கீழே, மேலே மூடியிட்டு, தரையை மட்டும் காட்டும்படி வையுங்கள். வெள்ளையும் நீலமும் ஆமைகளை மிகவும் குழப்புகின்றன, சிவப்பை ஒட்டிய மஞ்சள் ஒளி அவ்வளவு குழப்புவதில்லை. கடல் பார்த்த அறைகளின் திரையை இரவில் மூடச் சொல்லி ஒரு சிறு அட்டையை மேசைமேல் வையுங்கள். சாய்வு நாற்காலிகளையும் வாலிபால் வலையையும் இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள், ஏனெனில் ஆமை முட்டையிடத் தேடுவதும் அதே மேட்டு மணலைத்தான். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி. அதை நான் கோரிக்கையாக வைக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்பீர்கள். கேள்வி சரியானதுதான். இந்தக் கடலில் அலைக்கு அடியில் இழுப்பு கடுமை, இருட்டில் குடித்துவிட்டு இறங்கியவர்கள் திரும்பாத கதைகளை ஒவ்வொரு குப்பத்திலும் சொல்வார்கள். ஆனால் வெளிச்சம் போட்டு வைத்த கரைதான் ஆளை இரவில் தண்ணீருக்கு அழைக்கிறது. விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டி ஒரு காவலாளியை நிறுத்தினால், ஆமைக்கும் நல்லது, விருந்தினருக்கும் நல்லது.

இன்னொன்றும் சொல்வீர்கள்: ஆமைகளைக் கொல்வது இழுவைமடி விசைப்படகுகள், எங்கள் பல்புகள் அல்ல என்று. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதை யாரும் மறக்கவில்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற சட்டத்தை அரசு உண்மையாகவே நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதை அரசுக்கு எழுத வேண்டும், எழுதவும் செய்கிறோம். அவ்வளவு தாய் ஆமைகள் போன பிறகு, மிச்சமுள்ளவை இட்டுவிட்டுப் போன முட்டைகளில் ஒரு கூடுகூட வீணாகக் கூடாது என்பதால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. உங்கள் வேலிக்கு அப்பால் அலை நனைக்கும் மணலோ உங்கள் பட்டாவில் இல்லை.

உங்களில் ஒருசிலர் இதை ஏற்கெனவே செய்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு அப்படியொரு வீட்டின் மொட்டைமாடியில் படுத்திருந்தோம். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன்பின் அலை உடையும் வெள்ளைக் கோடு வடக்கிலிருந்து தெற்கு வரை தனியாகத் தெரிந்தது, தொலைவில் பைபர் படகுகளின் விளக்குகள் நான்கைந்து. விளக்கு ஏன் எரியவில்லை என்று அங்கே தங்கியிருந்த எவரும் கேட்கவில்லை.

பொங்கலை ஒட்டிய நாட்களுக்கு அறை பதிவு செய்ய வழக்கம்போல் மார்கழி நடுவில் அழைப்பேன். இம்முறை வாடகையைக் கேட்பதற்கு முன், கடல் பக்கத்து விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் என்று கேட்பேன். தொலைபேசியை எடுப்பவருக்குப் பதில் தெரிந்திருக்கும்படி தயவுசெய்து இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய விருந்தினர் ஒருவர்,
சென்னை