அந்த முதல் வரியை எடுத்துவிடுங்கள்

சர்வர் நிறுவல் கையேடுகளை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஃபெடோரா, ரெட் ஹாட் வகை லினக்ஸுக்கு நீங்கள் எழுதும் கையேடுகளில் பலவும் "முதலில் எஸ்இலினக்ஸை அணைத்துவிடுங்கள்" என்றே தொடங்குகின்றன. எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று விதி வைத்துக் காக்கும் லினக்ஸின் பாதுகாப்பு அடுக்குதான் எஸ்இலினக்ஸ். நானும் பல ஆண்டுகள் அப்படியே அணைத்து வந்தேன்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு நாள் வெப் சர்வருக்கு டேட்டாபேஸ் சர்வரின் பெயருக்கு உரிய முகவரி கிடைக்காமல் போனது. முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நுழைந்து பிங் அடித்தால் முகவரி உடனே வருகிறது. வெப் சர்வர் கேட்டால் மட்டும் இல்லை. இரவெல்லாம் நெட்வொர்க்கைக் குடைந்துவிட்டு, விடியும் நேரத்தில்தான் எஸ்இலினக்ஸின் தடைகள் பதிவாகும் ஆடிட் பதிவைத் திறந்தோம். பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் எது என்று குறித்துவைக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பை யாரோ ரூட்டின் ஹோம் டைரக்டரியில் வைத்துத் திருத்தி, எம்வி கட்டளையால் நகர்த்தியிருக்கிறார். எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒட்டும் வகைக்குறிதான் லேபிள். எம்வி பழைய லேபிளையும் கூடவே கொண்டுபோகும். நெட்_கான்ஃப்_டி இருக்கவேண்டிய இடத்தில் அட்மின்_ஹோம்_டி இருந்தது. அதைப் படிக்க வெப் சர்வருக்கு விதி இல்லை. ரூட்டின் ஷெல்லுக்கு அந்தக் கட்டுப்பாடே இல்லை. லேபிளைச் சரியானதற்கு மாற்றும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஒருமுறை ஓட்டினோம், தீர்ந்தது.

பதிவான தடைகளை அனுமதிக்கும் விதியை எழுதித்தரும் ஆடிட்டூஅலவ் கருவி தந்ததை அப்படியே ஏற்றியிருந்தாலும் முகவரி கிடைத்திருக்கும். ஆனால் ரூட்டின் ஹோமில் அதே லேபிளோடு கிடக்கும் மற்ற கோப்புகளுக்கும் வெப் சர்வருக்கு வழி திறந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

பெயர் தேடும் வேலை அவ்வளவு சாதாரணமானதல்ல. முன்பின் தெரியாத சர்வர் அனுப்பும் பதிலைப் பிரித்துப் படிக்கும் வேலை அது. லினக்ஸ் நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகத்தில், பெயருக்கு முகவரி தேடும் கெட்அட்ரின்ஃபோவில் 2008 முதல் கிடந்த ஓட்டை 2016 பிப்ரவரியில்தான் வெளியே தெரிந்தது. அது பெயர் தேடும் எந்த நிரலுக்குள்ளும் இருக்கக்கூடிய ஓட்டை. மறு ஆண்டே பெயர் தேடித்தரும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டில் இன்னொன்று: வேண்டுமென்றே திரித்து அனுப்பிய ஒரு டிஎன்எஸ் பதில், நினைவகத்தின் எல்லை தாண்டி எழுத வைத்தது. இப்படி ஒரு சேவை பிறர் கைக்குப் போனாலும், அதன் டொமைனுக்கு (எஸ்இலினக்ஸில் அந்தச் சேவை ஓடும் வகைக்கு) எழுதிவைத்த விதிகளைத் தாண்டவிடாமல் பிடித்து நிறுத்துவதற்குத்தான் எஸ்இலினக்ஸ் இருக்கிறது. அதை அணைக்கச் சொல்லித்தான் உங்கள் கையேடு தொடங்குகிறது.

அந்த வரியை எடுத்துவிட்டு வேறு ஒன்றை எழுதுங்கள். முதலில் ஆடிட் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு லேபிளை. அப்போதும் பிடிபடவில்லையென்றால் சிக்கல் தரும் அந்த ஒரு டொமைனை மட்டும் கொஞ்ச நாளைக்குப் பெர்மிசிவில், அதாவது எதையும் தடுக்காமல் விடும் நிலையில், வைக்கலாம். தடைகள் பதிவாகிக்கொண்டே இருக்கும், மற்ற சேவைகளின் காவலும் குலையாது. எஸ்இலினக்ஸ் அமைப்புகளை மாற்றும் செமனேஜ் கருவியில் ஒரே ஒரு கட்டளைதான். அதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு சர்வர் நிர்வாகி