பின்தங்கிய தமிழ்ப் பக்கம்

அன்பு மச்சான்,

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று அறிந்து நிம்மதி. சின்னக்கா இன்னும் எல்லாரையும் மேய்க்கிறாவோ? வெள்ளவத்தையில் நாங்கள் சுகம், மழைதான் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பழைய வெப்சைட் எங்கள் கைக்கு வந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. உள்ளே பார்த்ததும் எனக்குச் சரியான கோபம். ஒவ்வொரு மொழிக்கும் முழுப் பக்கத்தையும் தனித்தனியாகக் கொப்பி அடித்து வைத்திருக்கிறார்கள். கணக்கு சேர் கண்டிருந்தால் தெரியும்தானே! தொலைபேசி இலக்கம் மாறியதும் மற்ற இரண்டிலும் திருத்தியிருக்கிறார்கள், தமிழில் பழைய இலக்கம் அப்படியே கிடக்கிறது. தமிழ் மட்டும் வாசிக்கிற ஒரு ஆச்சி அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தால் யார் பதில் சொல்வது?

எல்லாவற்றையும் ஜாங்கோவுக்கு, அதாவது வெப்சைட் கட்டுகிற ஒரு மென்பொருள் சட்டகத்துக்கு, மாற்றுகிறோம். தலைப்பகுதி, மெனு, அடிப்பகுதி எல்லாம் ஒரே அடிப்படை டெம்ப்ளேட்டில், அதாவது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அச்சில். மாறுகிற இடங்கள் மட்டும் பெயர் போட்ட பிளாக்குகள். மற்றப் பக்கங்கள் அந்த அடிப்படையை எடுத்துக்கொள்கிற எக்ஸ்டெண்ட்ஸ் என்ற வரியோடு தொடங்கி, அந்த பிளாக்குகளை மட்டும் நிரப்பும். பிளாக்குக்கு வெளியே எழுதினால் எச்சரிக்கையும் வராது, பக்கத்திலும் வராது. எங்கள் புதுப் பெடியன் அப்படி எழுதிவிட்டு வரி எங்கே போனதென்று அரை நாள் தேடினான், பாவம்.

வசனங்கள் மொழிபெயர்ப்புக் கோப்பில் தனியாக இருக்கும். தமிழ் வரி விடுபட்டால் அந்த இடத்தில் மூல ஆங்கிலம் வந்து நிற்கும், உடனே கண்ணில் படும். இலக்கத்தை இனி ஒரு இடத்தில் மாற்றினால் மூன்று மொழியிலும் மாறும். இதற்காகவே இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன் மச்சான். எங்கள் மொழி கடைசியாகத் திருத்தப்படுவது எனக்குப் பழகிப்போகக் கூடாது.

ஒன்று மட்டும் கவலை. ‘சப்மிட்’ என்று சுருக்கமாக முடிகிற பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காமல் வெளியே வழிகிறது. வரி இடைவெளி குறைந்தால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகர விசிறியும் முட்டிக்கொள்கின்றன. அதனால் இனி அடிப்படை டெம்ப்ளேட்டைத் தமிழில் போட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற மொழிகள் என்று சொல்லிவிட்டேன்.

ஜாங்கோ மாதிரி நீ பாவிக்கிற லாராவெல்லிலும், பிளேட் என்ற அதன் டெம்ப்ளேட் பகுதி இதே வேலையைச் செய்யும்தானே? அங்கே நீண்ட தமிழ்ச் சொற்களை எப்படிச் சமாளிக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை எடு, கதைப்போம்.

உன்,
மச்சான்